பதினோரு சீட்டு, ஒரே விலாசம்

"நவநீதன், கொஞ்சம் எழுந்து நில்லுங்க" என்றார் தலைவர் குப்புராஜ்.

நவநீதன் எழுந்தார். வாயில் பாதி இட்லி இருந்தது.

தர்மபுரியில் ஓர் ஓட்டலின் மாடியில், புதன்தோறும் காலை ஏழு மணிக்குக் கூடும் வியாபாரிகள் சங்கம் அது. மொத்தம் முப்பத்திரண்டு பேர். ஒருவருக்கொருவர் வாடிக்கையாளர் பிடித்துத் தர வேண்டும். வாரம் ஒரு சீட்டு. இன்னார், இந்த விலாசம், இன்னது வேண்டுமாம் என்று எழுதி, அந்த வியாபாரியிடம் கொடுக்க வேண்டும்.

நவநீதன் பென்னாகரத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர். அவருக்கு வரும் வேலையில் பாதி, மற்ற முப்பத்தொரு பேர் மூலமாக வருவது. சங்கத்தை விட்டு நீக்கினால், கடையைப் பாதி நாள் பூட்டியே வைக்கலாம்.

"பதினோரு வாரத்துல பதினோரு சீட்டு குடுத்திருக்கீங்க. பதினொண்ணுலயும் ஒரே பேரு. மாதம்மாள், பென்னாகரம்."

"ஆமாங்க."

"அந்தம்மாவுக்கு மெத்தை வேணும், வாட்டர் பில்டர் வேணும், கேமரா வேணும், போர்வெல் போடணும். ஒரே ஆளுக்கு இவ்ளோ தேவையாங்க?"

பின்வரிசையில் சிரித்தார்கள்.

மெத்தைக்கடை அப்துல் சுபான் எழுந்தார். "நான் போனேனுங்க. மூணு மணி நேரம். கடலக்கா வறுத்துக் குடுத்தாங்க. டீ ரெண்டு தடவை. கிளம்பறப்ப, 'எனக்குக் கயித்துக் கட்டில் போதுங்க'ன்னுட்டாங்க."

"எனக்கு நாலு மணி நேரம்" என்றார் வாட்டர் பில்டர் நிர்மலா. "'ஒகேனக்கல் தண்ணியே வருதும்மா'ன்னு ஒரு சொம்பு குடுத்தாங்க. குடிச்சேன். நல்லாத்தாங்க இருந்துச்சு."

போர் வண்டி முனியப்பனுக்குத்தான் கோபம் அதிகம். "அவங்க இருக்கறது மாடி வூடுங்க! எங்கங்க போர் போடறது?"

இந்தத் தடவை எல்லாருமே சிரித்தார்கள். முனியப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்களை வெச்சு விளையாடறீங்களா?" என்றார் குப்புராஜ். "பேரை அடிச்சுடலாமா? நீங்களே சொல்லுங்க."

நவநீதன் இட்லியை விழுங்கினார்.

"அவங்க சத்துணவுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவங்க. ஒரே பொண்ணு, அதுவும் பெங்களூருல. எப்பப் பார்த்தாலும் தனியாவே இருப்பாங்க. நம்ம ஆளுங்கதான் நல்லாப் பேசுவாங்களே, வாரம் ஒருத்தர் போனா அவங்களுக்கும் பொழுது போகும்னு நெனச்சேன். தப்புதாங்க."

முனியப்பன் மூக்கை உறிஞ்சினார்.

குப்புராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? நாங்க என்ன மனுஷங்க இல்லையா?"

ஐந்து நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது. நவநீதன் நீக்கப்பட மாட்டார். இதுவரை போகாத இருபது பேரும் வாரம் ஒருவராக மாதம்மாள் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து பேசிவிட்டு வர வேண்டும். இந்தச் சேவைக்கு 'துணைக்கு நாங்கள்' என்று பெயரும் வைத்தார்கள். பேனருக்கு இரண்டு பேர் பொறுப்பு. அடுத்த வாரம் தலைவரே போகிறார். போட்டோகிராபரோடு.

நவநீதன் கடையைக்கூடத் திறக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக மாதம்மாள் வீட்டு மாடிப்படி ஏறினார். பதினாறு படி. மூச்சு வாங்கியது.

"அக்கா, நம்ம சங்கத்துல முடிவு பண்ணிட்டாங்க. இன்னும் இருபது வாரத்துக்கு உங்களுக்கு ஆள் வரும்!"

அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த மாதம்மாளின் கை நின்றது. "இருபது பேரா?"

"ஆமாக்கா. அடுத்து தலைவரே வர்றாரு."

"அவரு எவ்ளோ நேரம் பேசுவாரு?"

"அவரு மைக்கைப் புடிச்சா விட மாட்டாருக்கா!" என்றார் நவநீதன் பெருமையாக.

மாதம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஏம்ப்பா, இவங்களுக்கெல்லாம் வூட்ல ஒருத்தருமே காது குடுக்க மாட்டாங்களா? மெத்தைக்காரரு பஞ்சுல ஆரம்பிச்சாரு, தம்பியோட போட்ட சண்டை வரைக்கும் வந்துட்டாரு. பில்டர் பொண்ணு மாமியாரைச் சொல்லிச் சொல்லி ஒரே அழுகை. போர்க்காரரு கிளம்பறேன் கிளம்பறேன்னு ஒரு மணி நேரம் வாசல்ல நின்னு பேசறாரு."

"அக்கா... அப்ப உங்களுக்குப் பொழுது போகணும்னு நான்..."

"எனக்கா? பேச ஆளில்லாத பாவப்பட்டவங்களாப் பார்த்து நீ அனுப்பறேன்னு நெனச்சுத்தானேப்பா, பதினோரு வாரமா மத்தியானத் தூக்கத்தை விட்டுட்டு உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கேன்!"