பன்னிரண்டாம் பக்கத்துப் படம்

ஞாயிறு காலை பத்து மணி. ஹட்டனில் டியூஷன் நடக்கும் டியூட்டரி ஒன்றின் மாடியில் ஆறு மடிக்கணினிகள் திறந்திருந்தன. கோபத்தில் இருந்தவன் சுதாகரன் ஒருவன்தான்.

பாடசாலைகளுக்கு, எந்தப் பாடம் எந்த நேரம் என்று நேரசூசி போட்டுத் தரும் இலவச மென்பொருள் அது. யாரும் பாவிக்கலாம், யாரும் திருத்தலாம். அதன் தமிழ் உதவிப் பக்கங்களை இந்த ஆறு பேரும் சம்பளமில்லாமல் எழுதுகிறார்கள். பொறுப்பு கிருஷாந்திக்கு. அவள் சரி என்றால்தான் எந்தத் திருத்தமும் இணையத்தில் ஏறும்.

"அக்கா, பன்னிரண்டாம் பக்கத்துல இருக்கிறது மென்பொருளோட பழைய பதிப்புப் படம். மாத்தி அனுப்பினேன். ஏன் திருப்பி அனுப்பிட்டீங்க?"

"அந்தப் பக்கத்தத் தொடாதன்னு சொன்னேன்தானே."

"அஞ்சு நிமிஷ வேலை அக்கா."

"தெரியும்."

தெரிந்தும் விட்டுவைத்திருக்கிறாள் என்பதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. பொறுப்பு வந்தால் சிலருக்குக் கொம்பு முளைத்துவிடும் என்று பக்கத்திலிருந்த லோஜனிடம், அவள் காதில் விழும்படியே சொன்னான். லோஜன் ரோல்ஸ் தின்பதை நிறுத்தவில்லை.

இன்றைக்குப் படம் மாறாவிட்டால் குழுவை விட்டே போவதாகவும் அறிவித்தான். பாதிப் பக்கங்கள் அவன் எழுதியவை. எல்லோரும் கிருஷாந்தியைப் பார்த்தார்கள். வட்டகொடையிலிருந்து வரும் கேத்ரின் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். சேர்ந்து மூன்று மாதம் ஆகியும் அவள் ஒரு திருத்தமும் அனுப்பியதில்லை.

கிருஷாந்தி அவனைப் படிக்கட்டுக்கு அழைத்துப்போனாள்.

"கேத்ரின் ஏன் ஒண்ணும் அனுப்பலன்னு தெரியுமா? அவ ஒரு தப்பக் கண்டுபிடிச்சு எழுதுறதுக்குள்ள நீ திருத்தி முடிச்சிர்ற. போன வாரம், 'நான் இங்க எதுக்கு, நின்னுக்கிறேன்'னு சொன்னா. அதான் லேசான தப்பு ஒண்ண உங்கிட்ட இருந்து காப்பாத்தி வச்சிருக்கேன்."

"என்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மூஞ்சியில காட்டிருவ."

"அவகிட்டயாவது சொல்லுங்களேன், படத்த மாத்துன்னு."

"சொன்னா செய்வா. அப்ப அது நான் குடுத்த வேலை. அவளாக் கண்டுபிடிச்சாத்தான் அடுத்த வாரமும் பஸ் ஏறுவா."

நம்பிக்கையில்லாமல் சிரித்தான். அதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்டான்.

"நீ வந்த புதுசுல ரெண்டு படம் இடம் மாறிக் கெடக்குன்னு ஓடி வந்து சொன்னியே, ஞாபகம் இருக்கா? நீ அதப் பார்க்கிறதுக்கு நான் ஒரு மாசம் காத்துக்கிட்டு இருந்தேன்."

சுதாகரன் உள்ளே போய்த் தன் மடிக்கணினியில் வேறொரு பக்கத்தைத் திறந்தான்.

சில வாரம் கழித்து, மார்ச் 23ஆம் திகதி பன்னிரண்டாம் பக்கத்தில் புதுப் படம் ஏறியது. அனுப்பியவள் கேத்ரின். படத்தின் ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது. சுதாகரன் அதைத் தொடவில்லை.