நனைந்த பிறப்புப் புத்தகம்

“மெதுவா உரி பேச்சியம்மா! ஒரு பக்கம் கிழிஞ்சா ஒரு குடும்பமே கிழிஞ்ச மாதிரி.”

கிளாக்கர் அமிர்தநாதன் காலையிலிருந்து இதையேதான் கத்திக்கொண்டிருந்தார்.

தோட்டத்து ஆபீஸ் கூரைத் தகரத்தைக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மழை நேராகப் பிறப்புப் புத்தகத்தின் மேல் இறங்கிவிட்டது. அடுத்த மாதம் பிரஜாவுரிமை விசாரணை. இங்கேதான் பிறந்தோம் என்று காட்ட வேறு ஒன்றும் கிடையாது. அதிலும் தகப்பன் பெயரைப் பிடித்துத்தான் பிள்ளையை மனுவில் சேர்ப்பார்கள். தகப்பன் பெயர் போனால் பிள்ளையும் போச்சு. இந்தியாவுக்குத் தலைமன்னார்க் கப்பல்தான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை, தேயிலை ஸ்டோரின் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் தட்டுகளில் காகிதம் காய்ந்தது. முதலில் கொழுந்துக்குப் போடுகிற மாதிரியே சூட்டுக் காற்றை முழுசாகத் திறந்துவிட்டு, சில பக்கங்களை அப்பளமாக்கினார்கள். பிறகுதான் புத்தி வந்தது.

ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பேச்சியம்மா உரிப்பாள். கிளாக்கர் விரல் வைத்து உரக்க வாசிப்பார். ஆட்கள் சரி என்றால் புதுப் புத்தகத்தில் எழுதுவார்.

லயத்து வரிசை வீட்டு ஆட்களெல்லாம் சுற்றி நின்றார்கள். யாருக்குக் கலியாணத்துக்கு முந்தியே பிள்ளை பிறந்தது, யார் வயதைக் குறைத்துச் சொல்லித் திரிந்தது, எல்லாம் வெளியே வந்தது. இந்தப் பக்கத்துக்குச் சிரித்தவன் அடுத்த பக்கத்தில் தலையைக் குனிந்தான்.

“இங்க மை கரைஞ்சு போச்சு. தகப்பன் பேரு யாரு?”

“மாடசாமிங்க!” என்றார்கள் இரண்டு பேர். எழுதினார்.

“இங்க புள்ள பேருக்குக் கோடு போட்டிருக்கு.”

“எம் மவன்தாங்க,” என்றான் அழகன். “அப்ப பேரு வைக்கலைங்க. இப்ப முத்துவேலுன்னு போட்டுருங்களேன்.”

“ஏலாது. எழுத்து அழிஞ்ச எடத்துல ரெண்டு சாட்சி வச்சு எழுதலாம். தொரை ஓடர் அம்புட்டுத்தான். கோட்டு மேல எழுதினா அது கள்ள எழுத்து. என் வேல போயிரும்.”

“அப்ப எம் மவன் கோடாவே கெடக்கட்டுமா?”

“கோடுன்னா நேராவாச்சும் இருப்பான். ஒன்ன மாதிரியா?” என்றது ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

ராக்காயி மட்டும் சிரிக்கவில்லை. அவள் படிக்கட்டுப் பக்கமே நின்றாள். முந்தானையைப் பிடித்துக்கொண்டு மகள் நாகலெட்சுமி. பதின்மூன்று வயது.

“என்னா ராக்காயி, அங்கயே நிக்கிற? அடுத்தது ஒம் பக்கம்தான். வா இங்குட்டு.”

ராக்காயி வந்தாள். பேச்சியம்மாவுக்கு எதிரே நிற்க வேண்டி வந்தது. இரண்டு பேருக்கும் லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பிரா, நடுவில் ஒரே சுவர். வருஷக்கணக்காகப் பேச்சில்லை. ஏன் என்று கேட்டால், பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கிற சண்டை என்பார்கள்.

பேச்சியம்மா பக்கத்தை உரித்துத் தட்டில் விரித்தாள்.

“புள்ள பேரு நாகலெட்சுமி. தாய் ராக்காயி. தகப்பன்...”

கிளாக்கர் நிறுத்தித் தொண்டையைச் செருமினார். நாகலெட்சுமி தரையைப் பார்த்தாள்.

அதற்குள் பேச்சியம்மாவின் கை நீண்டது. கிளாக்கரின் விரல் நின்ற இடத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு தேய். ஈரக் காகிதம். அந்த இடம் வெறும் நீலச் சேறாகிவிட்டது.

“அடிப் பாவி!”

“பீலிக்கரைச் சண்டைய இங்க வந்து தீத்துக்கிட்டாளே!”

“அந்தப் புள்ள இனி எந்த நாட்டுப் புள்ள?”

எல்லாரையும் விட அதிகமாகக் கத்தியது பேச்சியம்மாவின் புருசன் செல்லசாமிதான்.

“மூதேவி! ஒரு பொம்பளப் புள்ள வாழ்க்கையில கை வச்சிட்டியே! மனுசியா நீ? நாலு பேரு முன்னுக்கு என் தலையக் குனிய வச்சிட்டியேடி! ஐயா, இவள தோட்டத்த விட்டே வெரட்டுங்கய்யா!”

பேச்சியம்மா நிமிரவில்லை. நீலமாகிப்போன விரலைச் சேலையில் துடைத்தாள். மை போகவில்லை. நாகலெட்சுமி விசும்ப ஆரம்பித்தாள். ராக்காயி ஒரு வார்த்தை திட்டவில்லை. முகத்தை மூடிக்கொண்டாள்.

கிளாக்கர் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, அழிஞ்சிருச்சு. இந்தப் புள்ளைக்குத் தகப்பன் பேரு என்னான்னு யாரு சாட்சி சொல்றீங்க?”

இவ்வளவு நேரம் கத்தியவர்கள் தட்டையும் கூரையையும் பார்த்தார்கள்.

“நான் சொல்றேன்,” என்றாள் பேச்சியம்மா. “செல்லசாமின்னு எழுதுங்க.”



கிளாக்கர் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார். “ஒனக்கு வாசிக்கத் தெரியாதே புள்ள. அங்க என்ன இருந்துச்சுன்னு ஒனக்கு...”

“எழுத்துத்தாங்க தெரியாது. கோடு தெரியும்.”

கிளாக்கர் பேனாவை மையில் தோய்த்தார். அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்கு முகமில்லை. பேனாவைப் பார்த்தே கேட்டார்.

“ரெண்டாவது சாட்சி?”

பேச்சியம்மா புருசன் பக்கம் கையை நீட்டினாள்.

“அந்தா நிக்கிறாரு. இம்புட்டு நேரம் போட்ட சத்தத்த இப்பப் போடச் சொல்லுங்க.”