தபால் நிலையத்தில் பிரசவம்

பொய்யான மருந்து, எண்ணெய் விளம்பரங்களைத் தபாலில் அனுப்பத் தடை வந்துவிட்டது. எது பொய் என்று யாராவது சோதிக்க வேண்டுமே! ஊரிலிருந்த நர்ஸ்களை எல்லாம் தபால் நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் செண்பகவல்லிக்கு வலி எடுத்ததும், கணவன் இளமாறன் அவளை ஆட்டோவில் அங்கேயே கொண்டுபோனான்.

உள்ளே நர்ஸ் எஸ்தர் ஒரு வழுக்கைத் தலையில் விளம்பர எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சீக்கிரம் வாங்க!"

"கைய எடுத்தா சோதனை செல்லாது தம்பி. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"இவளால முதல்லேர்ந்து ஆரம்பிக்க முடியாதுக்கா!"

வாசல் பெஞ்சிலிருந்து செண்பகவல்லி அலறினாள். வழுக்கைத் தலைக்காரர் எஸ்தரின் கையைத் தட்டிவிட்டார்.

"நாலு மாசமா தேய்க்கிற, இங்க ஒண்ணும் முளைக்கல. கையக் கழுவிட்டு ஓடும்மா! அங்கயாச்சும் முடியோட ஒரு தலை வருது."