ஓர இருக்கை

ஃபிரெடி இன்று சர்ச்சில் நடு பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

இத்தனை நாளும் வாசலை ஒட்டிய ஓர இருக்கைதான் அவனுடையது. சர்க்கரை என்று தெரிந்து ஒரு வருஷம். தெரியாமல் எத்தனை வருஷம் இருந்ததோ. பிரசங்கம் முடிவதற்குள் இரண்டு தடவையாவது பாத்ரூமுக்கு எழுந்து ஓடுவான்.

இன்று திருவிருந்து ஆராதனை. நீண்டுகொண்டே போனது. அவன் அசையவில்லை.

வெளியே வந்ததும் கைப்பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்தான்.

ரத்தினபாய்க்கு மகனைப் பார்க்கப் பார்க்கப் பூரிப்பு. "ராத்திரிகூட இப்பல்லாம் எழுந்திரிக்கிறதில்ல, பார்த்தியா ஜோவி? உன் லேப் எலிங்க செய்யாததை என் ஜெபம் செஞ்சிருச்சு" என்று மருமகளைச் சீண்டிவிட்டு, பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குத் தங்கிவிட்டாள்.

ஜோவிதாவும் சிரித்தாள். அவளுக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது. 'அதான் சரியாயிட்டு வருதே' என்று அவன் கெஞ்சியதற்கு இரங்கி, போன வாரம் டாக்டர் அப்பாயின்ட்மென்டை ரத்து செய்ததே அவள்தான்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் வெயில் கொளுத்தியது. ஃபிரெடி ஆராதனையின் கடைசிப் பாட்டை முணுமுணுத்தபடி ஸ்கூட்டரை ஓட்டினான். பெருங்களத்தூர் தாண்டியதும் ஒரு பஸ் குறுக்கே வந்தது. அவன் பிரேக்கை அழுத்த, எப்போதும் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டே வருகிற ஜோவிதா அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னா மேடம், பத்து வருஷம் கழிச்சு திடீர்னு லவ்வு?"

பதிலுக்குச் சீண்ட வாயெடுத்தவளின் விரல்கள் அவன் அடிவயிற்றில் நின்றன.

தொப்புளுக்குக் கீழே ஏதோ திரண்டு கெட்டியாக இருந்தது. அந்தக் கெட்டி அவள் விரல்களுக்குப் பழக்கம்.

சர்க்கரை நோய் வரவழைக்கப்பட்ட எலிகளின் சிறுநீர்ப்பையைத்தான் அவள் லேபில் ஆராய்கிறாள். கூண்டுக்கு அடியில் ஈரம் உறிஞ்சும் வடிதாள் விரிப்பார்கள். சிறுநீர் பட்ட இடமெல்லாம் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும். மாதக்கணக்கில் தாள் கொள்ளாமல் நனைத்துக்கொண்டிருந்த ஒரு எலியின் தாள், வெள்ளிக்கிழமை வெறும் வெள்ளையாக வந்தது.

"இதுக்குச் சரியாயிடுச்சு போலக்கா" என்றாள் லேபில் புதிதாகச் சேர்ந்த பெண்.

"வெள்ளைத் தாளைப் பார்த்து ஏமாறாத. வயித்தைத் தொட்டுப் பாரு. பை ரொம்பிக் கெடக்கு, அதுக்குத்தான் தெரியல."

ஜோவிதா அழுத்திக் காட்டியபோதும், அந்த எலி தன்பாட்டுக்குத் தீவனத்தைக் கொறித்துக்கொண்டிருந்தது.

வண்டலூர் சிக்னலில் வண்டி நின்றது.

"ஃபிரெடி, காலையில எழுந்து பாத்ரூம் போனீங்களா?"

அவன் யோசித்தான். "போயிருப்பேன். ஏன்?"

ஜோவிதா விரல்களை மெல்ல அழுத்தினாள். பிறகு, மனசு கேட்காமல், இன்னும் பலமாக. வேறு யாராக இருந்தாலும் முட்டல் தாங்காமல் வண்டியிலிருந்து துள்ளி இறங்கியிருப்பார்கள்.

ஃபிரெடி பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.