தட்டிப் பார்த்து வாங்கியது

பச்சையும் உடைந்தது.

அனுப்பிரியா ஷார்ப்னரைக் கவிழ்த்துத் தட்டினாள். முனை தனியாக விழுந்தது. மறுபடி சீவினாள். மறுபடி உடைந்தது. பிளேடால் சீவியும் பார்த்தாள். அதே கதைதான். இருபத்துநாலு பேஸ்டல் பென்சில் உள்ள புதுப்பெட்டி. ஏழு பென்சிலைச் சீவி ஏழும் போயிற்று.

அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை சித்தூரில் உபஜில்லா ஓவியப் போட்டி, வட்டாரப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து. அந்தப் பென்சிலில்தான் வரைய வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து அவள் ஒருத்தியைத்தான் எடுத்திருந்தார்கள்.

"அந்த அலியார் இப்படிப் பண்ணுவான்னு வாங்கறப்பவே எனக்குத் தெரியும்," என்றார் அவள் அப்பா கருப்புசாமி.

கருப்புசாமி தேங்காய் வியாபாரி. பன்னிரண்டு வருடமாக அலியாரின் நோட்டுப் புத்தகக் கடைப் படி ஏறாதவர். அலியாரின் மகள் ரஸியா கல்யாணத்துக்கு இவர் அனுப்பிய தேங்காயில் முப்பது அழுகல். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அலியார் அதைக் கோவிந்தாபுரம் கடைவீதியில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. அனுப்பிரியாவுக்கு நோட்டும் பேனாவும் கொல்லங்கோட்டிலிருந்து வந்தன. இந்தப் பென்சில் மட்டும் அங்கே கிடைக்கவில்லை. மகளுக்காக வீம்பை விட்டுப் போய் வாங்கி வந்தார்.

அதையும் சும்மா வாங்கவில்லை. தேங்காயானாலும் சட்டியானாலும் ஓடானாலும், தட்டிச் சத்தம் கேட்காமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லாதவர். பென்சில்களையும் ஒவ்வொன்றாகக் கடைக் கருங்கல் மேடையில் தட்டி, காதோரம் வைத்துக் கேட்டார். "பாத்துங்க," என்றார் அலியார். "பாத்துத்தான் வாங்கறேன்," என்று இவர் அவர் வாயை அடைத்துவிட்டார்.

இப்போது பெட்டியை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனார். சாயங்கால நேரம். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று அவருக்கு.

பெட்டியைக் கல்லின்மேல் போட்டார். 'ங்க' போடாமல் பேசினார்.

"இருபத்துநாலும் தட்டறப்ப கணீர்னு இருந்துச்சு. ஊட்டுக்குப் போறதுக்குள்ள எப்படிக் கெட்டுச்சு? பொட்டலம் கட்டறப்ப பெட்டிய மாத்திட்டே."

நின்றவர்கள் வாங்க வந்ததை மறந்துவிட்டு அலியாரைப் பார்த்தார்கள்.

அலியார் சிவப்புப் பென்சிலை எடுத்துக் காதோரம் மெல்ல ஆட்டினார். பிறகு நீலத்தை. அனுப்பிரியாவிடம் திரும்பினார்.

"அம்மிணி, கீழே எங்காச்சும் உழுந்துச்சா?"

"இல்லீங்க மாமா. வந்ததிலிருந்து துணியில சுத்தித்தான் வெச்சிருக்கறனுங்க."

அலியார் கருப்புசாமியை ஒரு தடவை பார்த்தார். நின்றவர்களை ஒரு தடவை பார்த்தார்.

"சரக்கு மோசமுங்க," என்றார். "தப்பு நம்மளது."

உள்ளே போய் வேறொரு பெட்டி கொண்டுவந்தார். கருப்புசாமி கையை நீட்டினார். அலியார் அதைக் கவனிக்காதவர்போல் பெட்டியை அனுப்பிரியாவிடம் கொடுத்தார். அவளை முக்காலியில் உட்காரவைத்து, ஒரு பென்சிலை எடுத்து அவரே சீவிக் காட்டினார். ஷார்ப்னர் வேண்டாம், புது பிளேடுதான் சரி. முனைக்கு அடியில் விரலை அணைவாகக் கொடுத்துக்கொண்டு, பென்சிலைத் திருப்பித் திருப்பி மெல்லிசாகச் சீவ வேண்டும். கூர் வேண்டுமென்றால் கடைசியில் உப்புத்தாளில் இழைத்துக்கொள்ளலாம். உடைந்ததையும் எறிய வேண்டாம். மரத்தைப் பிளந்து துண்டுகளை எடுத்து வைத்தால் வானத்துக்கும் வயலுக்கும் பூச ஆகும்.

இதையெல்லாம் கேட்கக் கருப்புசாமிக்கு நேரமில்லை. வெளியே வந்து, அங்கே நின்றவர்களுக்கு முப்பது தேங்காய்க் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். மகள் வெளியே வர வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் முழுக்க டீக்கடையில் இதே பேச்சுத்தான். யார் பாய்லர் பக்கம் வந்தாலும் பிடித்துக்கொண்டார். "அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். தப்பு நம்மளதுன்னான். நாலு பேரு சாட்சி." பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அவருக்கு டீ இனித்தது.

சனிக்கிழமை காலை, சித்தூர் பஸ். அனுப்பிரியா பெட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். கருப்புசாமிக்குச் சும்மா இருக்க முடியவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"குடு அம்மிணி, இதையும் ஒருக்கா தட்டிப் பாத்தர்றேன். அவனை நம்ப முடியாது."

அனுப்பிரியா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வேண்டாங்கப்பா."

"ஏன்?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தட்டினா மேல மரத்துக்கு ஒண்ணும் ஆகாதாமுங்க. உள்ளே இருக்கற குச்சி துண்டு துண்டாப் போயிருமாமுங்க. அப்பறம் எப்படிச் சீவினாலும் உடையுமாமுங்க. முதல் பெட்டி அப்படித்தான் போச்சாமுங்க."

"யாரு சொன்னது?"

"அலியார் மாமாங்க."

நீட்டிய கையைக் கருப்புசாமி மடக்கிக்கொண்டார்.

"அப்ப அதை அன்னைக்கே எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே? தப்பு நம்மளதுன்னு எதுக்குச் சொன்னான்?"

"நானும் கேட்டனுங்கப்பா. 'நாலு பேரு முன்னால ஒருக்காச் சொன்னதுக்கே பன்னெண்டு வருசம் ஆயிருச்சு, அம்மிணிக்குச் சனிக்கிழமையே பென்சில் வேணுமில்ல'ன்னாருங்க."