வண்டுக்கு மறதி இல்லை

"டீச்சர், என் வண்டு மறுபடியும் மேஜையிலேர்ந்து குதிச்சிடுச்சு!"

மாரிட் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள். இல்லாவிட்டால் அவை எதிரே இருந்தவர் கழுத்தைத் தேடிப் போய்விடும் போலிருந்தது.

எதிரே இருந்தவருக்கு வயது ஏழு என்று வைத்துக்கொள்ள வேண்டும். உண்மையில் ஐம்பத்தெட்டு. ஆறடி உயரம், நரைத்த தாடி. முழங்கால் காதைத் தொட, குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் ஹார்மென். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் 'வகுப்பறையில் தொழில்நுட்பம்' எடுப்பவர். செய்முறைத் தேர்வில் பிள்ளையாக உட்காருவதும் அவர்தான், மதிப்பெண் போடுவதும் அவர்தான். சரக்கு வாங்குகிறவரே தராசையும் பிடித்தால் விற்கிறவர் கதி என்ன?

போன தடவை இதே இம்சை பொறுக்காமல் மாரிட் அந்தப் பொம்மை வண்டைப் பிடுங்கித் தானே ஓட்டிக் காட்டிவிட்டாள். "பிள்ளை கையிலேர்ந்து பிடுங்கிட்டே. ஃபெயில்" என்றார். அவள் மட்டுமல்ல, இந்த வருஷம் இன்னும் ஒருவர்கூடத் தேறவில்லை. இன்றும் கோட்டைவிட்டால் ஆகஸ்டில் பள்ளி வேலை கிடையாது. இன்னொரு வருஷம் இதே மழை, இதே சைக்கிள், இதே தாடி.

பெரிய கெடுபிடிக்காரர். போன வருஷம்வரை புவியியல் எடுத்தவராம், நம்ப முடியுமா? வகுப்பில் ப்ரொஜெக்டரைக்கூடத் தொடமாட்டார். "நீங்க போடுங்க, செஞ்சாத்தான் கை பழகும்" என்பார்.

"எடுத்து வைடா கண்ணா, மறுபடியும் பாக்கலாம்" என்றாள் மாரிட். பேராசிரியரை 'டா' போடும் சந்தோஷம் ஒன்றுதான் இதில் லாபம்.

மேஜைமேல் ஊர்ப்படம் விரித்திருந்தது. வீடு, ரெண்டு கட்டம் தள்ளி பேக்கரி, அடுத்த கட்டம் பள்ளிக்கூடம். அதற்கப்புறம் ஒரு காலிக் கட்டம், பிறகு மேஜை விளிம்பு. வண்டின் முதுகில் அம்புக்குறிப் பொத்தான்கள், நடுவில் ஓடச் சொல்லும் பச்சை, ஓரத்தில் பெருக்கல் குறி போட்ட ஒரு பொத்தான். விழுந்ததில் அணைந்துபோன வண்டை ஹார்மென் மறுபடி போட்டு, வீட்டில் வைத்து, இரண்டு தடவை அம்பை அமுக்கிப் பேக்கரிவரை ஓட்டினார்.

"வண்டு இப்ப பேக்கரியில நிக்குது. பள்ளிக்கூடம் போக எத்தனை தடவை அமுக்கணும்?"

"ஒரு தடவை. அப்புறம் பச்சை."

அமுக்கினார். வண்டு மூன்று கட்டம் ஓடி, பள்ளிக்கூடத்தைத் தாண்டித் தரையில் விழுந்தது.

"ஒண்ணுதானே அமுக்கினேன்! இது பொய் சொல்ற வண்டு, டீச்சர்."

பக்கத்தில் இன்னொரு ஏழு வயதாக உட்கார்ந்திருந்த யெல்மர் சிரித்தான். அவளோடு படிப்பவன், நேற்று ஃபெயில் ஆனவன். "பிடுங்கிடாதே" என்று உதட்டை மட்டும் அசைத்தான்.

"அந்தப் பெருக்கல் குறி எதுக்குன்னு நினைக்கிறே?"

"தப்புன்னு அர்த்தம். அதை அமுக்கினா வண்டு கெட்டுப்போயிடும்." ஹார்மென் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

'என்னமா நடிக்கிறான் மனுஷன்!' பல்லைக் கடித்தாள் மாரிட். பிறகு ஒரு யோசனை வந்தது.

"எழுந்திரு. இப்ப நீதான் வண்டு. உன் முதுகைத் தட்டுவேன். எத்தனை தட்டோ அத்தனை அடி நடக்கணும்."

இரண்டு தட்டினாள். இரண்டு அடி நடந்தார்.

"சபாஷ். இப்ப ஒண்ணு." தட்டினாள். "நில்லு! நீ வண்டு. உனக்கு மறதியே கிடையாது. முதல்ல சொன்ன ரெண்டையும் நடந்துட்டுத்தான் இந்த ஒண்ணை நடக்கணும்."

ஒன்று, இரண்டு, மூன்று. ஈரக் கோட்டுகள் தொங்கிய ஸ்டாண்டில் போய் முட்டிக்கொண்டார் ஹார்மென். தலையில் யாரோ ஒருவரின் மழைக்கோட்டு.

"பழசை மறந்துடுன்னு சொல்லியிருந்தா நான் ஏன் மூணு அடி நடக்கறேன்!" என்று கோட்டுக்குள்ளிருந்து கத்தினார்.

"அதை வண்டுகிட்ட எப்படிச் சொல்றது?"

கோட்டு மெல்ல விலகியது. தாடி மேஜைக்கு வந்தது. வண்டைப் பேக்கரியில் வைத்தார். பாம்பைத் தொடுகிறவர்போல் பெருக்கல் குறியை அமுக்கினார். ஒரு அம்பு. பச்சை.

வண்டு ஒரே கட்டம் நகர்ந்து பள்ளிக்கூடத்தில் நின்றது.

"நின்னுடுச்சு! டீச்சர், நின்னுடுச்சு!" அவர் குதித்ததில் குட்டி நாற்காலி கவிழ்ந்தது. கண்ணில் தண்ணீர்கூட. கொஞ்சம் ஓவர் என்று நினைத்தாள் மாரிட்.

அரைமணி கழித்து அவர் அறையில் காப்பி கொடுத்தார். பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினார், ஒன்று எடுத்துக்கொண்டாள், டப்பா மூடியது. ஒரு காப்பிக்கு ஒரு பிஸ்கட், டச்சுக்காரர் வீட்டில் அதற்கு மேல் ராஜா வந்தாலும் கிடையாது.

"பத்துக்கு எட்டு" என்றார். "இந்த வருஷம் தேறின முதல் ஆள் நீதான்."

மாரிட்டுக்கு மூச்சு திரும்ப வந்தது. "நீங்களும் பிரமாதமா நடிச்சீங்க ஹார்மென். அந்தப் பயந்த முழி இருக்கே, நிஜப் பிள்ளை தோத்துடும்" என்று எழுந்தாள்.

ஹார்மென் இருமினார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வந்து, பிஸ்கட் டப்பாவை இரண்டாவது முறையாகத் திறந்தார்.

மாரிட் திகிலுடன் மறுபடி உட்கார்ந்தாள். "என்ன விஷயம்? சொல்லுங்க."

"திங்கட்கிழமை, சுத்துவட்டாரத் தலைமையாசிரியர்கள் எல்லார் முன்னாடியும் நான் இந்த வண்டை ஓட்டிக் காட்டணும்" என்றார் அவர், தணிந்த குரலில். "வருஷம் பூரா ஆளாளுக்கு என் கையிலேர்ந்து பிடுங்கி நீங்களே ஓட்டிட்டுப் போயிட்டீங்களேம்மா... அப்புறம் நான் எப்பத்தான் கத்துக்கறது?"