மூன்றாம் பெட்டி

ஆஸ்பத்திரி மருந்துக் குளிர்பெட்டிகளைக் கண்காணிக்கும் புரோகிராமில், ஒரே கம்பெனியை நம்பியிருந்த பழைய ஃபங்ஷன்களை, அதாவது கட்டளைத் தொகுப்புகளை, எடுத்துவிட்டு, எந்தக் கம்பெனிப் பெட்டியோடும் பேசக்கூடிய பொதுவான ஃபங்ஷன்களை வைத்தாள், புதிதாகச் சேர்ந்த பெண். ஓடவிட்டதுமே மூன்றாம் பெட்டி சிவப்பானது. "பதில் இல்லை" என்றது திரை.

மேலாளர் பாய்ந்து வந்தார். பழைய புரோகிராமை எழுதியவர் அவர்தான்.

"ஏம்மா, நல்லா ஓடுற வண்டியில எதுக்குக் கை வச்ச? தடுப்பூசி மொத்தமும் அதுலதான் இருக்கு!"

"சார், நான் சரியாத்தான்..."

"கிழிச்ச! பழசைப் போடு."

போட்டாள். மூன்றாம் பெட்டி பச்சையானது. நாலு டிகிரி.

"பாத்தியா? என் புரோகிராம் ஒருநாளும் பொய் சொன்னதில்ல. நாளையிலேருந்து நீ வீட்லயே இரு தாயி."

 ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. மருந்துக் கிடங்குக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"அண்ணே, மூணாம் பெட்டியைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க. ஜில்லுனு இருக்கா?"

"எதைத் தொடுறது தங்கச்சி? ரிப்பேர்னு போன மாசமே தூக்கிட்டுப் போயிட்டாங்களே! மருந்தையெல்லாம் அன்னைக்கே ரெண்டாம் பெட்டிக்கு மாத்தியாச்சு. இங்க சுவரும் ஒயரும்தான் இருக்கு."

மேலாளர் திரையைப் பார்த்தார். பதில் வராவிட்டால் கடைசியாக வந்த அளவையே காட்டட்டும் என்று எழுதி வைத்தவர் அவர்தான். இல்லாத பெட்டி இன்னும் நாலு டிகிரியில் குளிர்ந்துகொண்டிருந்தது.

நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"உன்னோடதையே போடும்மா. மத்த பெட்டிங்களாவது இருக்கான்னு பாத்துடுவோம்."